மஸ்கெலியா மலையில் மோதிய ஹஜ் விமானமும் ஒரு வாப்பாவின் கேள்வியும்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் உள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

உயர்தரம் எழுதிய நமது மாணவர் ஒருவர் விண்ணப்பப் படிவமொன்றைக் கொண்டு வந்தார். விமானத்தின் மின்னணுக் கருவிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பவியலாளர் பயிற்சி. 'ஏவியோனிக்ஸ்' என்று போட்டிருந்தது. கூட வந்த வாப்பா கேட்டார்: "சேர், இது பிளேனுக்கு வயர் இழுக்கிற வேலைதானே? அதுக்கு ஏன் இத்தனை வருஷப் படிப்பு?"

அன்று நம்மால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. வரலாறு படிப்பிக்கிற நாம் வரலாற்றில்தானே தேடுவோம். தேடிப் போனால், பதில் நமது மலைநாட்டிலேயே கிடந்தது.

1974 டிசம்பர் 4, இரவு நேரம். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட டி.சி.8 விமானம் கட்டுநாயக்கவில் இறங்க வந்துகொண்டிருந்தது. நெதர்லாந்தின் மார்ட்டின்எயார் நிறுவனத்தின் விமானம். ஹாஜிகள் 182 பேர், பணியாளர்கள் 9 பேர். மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்துபோனார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்த விமானத்தின் டயர் ஒன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பாதையில் போகிற நம்மவர்களில் எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருப்போம்?

மலை இருந்த இடத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையில் சுமார் 40 கடல் மைல். அவ்வளவு தூரம் இருக்கும்போதே "நெருங்கிவிட்டோம்" என்று விமானிகள் எப்படி நம்பினார்கள்?

அந்தக் காலத்தில் ஜி.பி.எஸ். கிடையாது. விமானத்தில் இருந்தது டொப்ளர் என்ற கருவி. அது விமானத்தின் வயிற்றிலிருந்து ராடார் அலைகளைக் கீழே அனுப்பும். திரும்பி வரும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து, தரைக்குச் சார்பான வேகத்தையும் காற்று பக்கவாட்டில் தள்ளிய அளவையும் கணிக்கும். அதைக் கூட்டிக் கூட்டி "இன்னும் இத்தனை மைல்" என்று காட்டும். சிக்கல் இந்தக் கூட்டலில்தான். ஒவ்வொரு மணித்தியாலமும் சிறு பிழை விழுந்தால் அதுவும் சேர்ந்துகொண்டே போகும். இடையில் சரிபார்க்க ஓர் அடையாளம் வேண்டும். சமுத்திரத்துக்கு மேலே அடையாளத்துக்கு எங்கே போவது? டொப்ளரையும் வானிலை ராடாரையும் நம்பி, தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள் என்பதே விசாரணையின் முடிவு. அந்தக் கருவிகள் தவறாக விளங்கிக்கொள்ள இடம் வைத்தன என்றும் அது சொன்னது.

அதற்குச் சரியாக மூன்று நாட்களுக்கு முன்னர், டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலும் ஒரு விமானம் இதேபோல மலையில் மோதியது. 92 பேர் இறந்தார்கள். தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியைப் பெரிய விமானங்களில் கட்டாயமாக்க அமெரிக்கா முடிவெடுத்தது அதன் பிறகுதான். அந்தக் கருவியின் பின்னால் இருந்தவர் கனடாவில் பிறந்த டொன் பேட்மன் என்ற பொறியியலாளர். 2023இல்தான் காலமானார். அவர் பெயரை நமது பாடநூல்களில் காணோம். முதலில் வந்த கருவி நேர் கீழே உள்ள தரையை மட்டும் அளந்தது. முன்னால் செங்குத்தாக நிற்கும் மலையை அது பிந்தித்தான் உணரும். உலகின் நிலப்பரப்பையே நினைவில் வைத்திருக்கும் கருவி 1990களில்தான் வந்தது.

அடுத்தது 1978 நவம்பர் 15. ஹஜ்ஜை முடித்துக்கொண்டு ஜித்தாவிலிருந்து சுரபாயா திரும்பியவர்கள். ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் டி.சி.8. இரவில் கட்டுநாயக்க ஓடுபாதைக்கு முன்னாலுள்ள தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். விமானிகள் இறங்கும் நடைமுறையைப் பின்பற்றவில்லை என்றது இலங்கை விசாரணை. விமான நிலையத்தின் வழிகாட்டும் கருவிகளிலும் கட்டுப்பாட்டிலும்தான் கோளாறு என்றது ஐஸ்லாந்துத் தரப்பு. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் ஆளில்லை. ஆனால் தகராறு எதைப் பற்றியது என்று பாருங்கள். தரையிலிருந்து போகும் ஒரு ரேடியோக் கதிர் சரியான சரிவில் இருந்ததா என்பதைப் பற்றி!

மூன்றாவதும் சுரபாயாதான். 2014 டிசம்பர் 28, சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் போன எயார்ஏசியாவின் எயார்பஸ் 320. 162 பேர், எவரும் தப்பவில்லை. வாப்பாவுக்குரிய பதில் இதில்தான் இருக்கிறது.

வேகமாகப் பறக்கும்போது வால் சுக்கான் அளவுக்கு மீறித் திரும்பாமல் தடுக்க ஒரு மின்னணுப் பெட்டி உண்டு. அதற்குள் ஈயப் பற்று வைத்த ஓர் இணைப்பில் வெடிப்பு. சில நேரம் மின்சாரம் தொடும், சில நேரம் தொடாது. முந்திய 12 மாதங்களில் அதே கோளாறு 23 தடவை பதிவாகியிருந்தது. இத்தொழிலில் உள்ளவர்கள் அதிகம் பயப்படுவது இந்த மாதிரி வந்து போகிற கோளாறுக்குத்தான். பறக்கும்போது, குளிரிலும் அதிர்விலும் வரும். தரையில் இறங்கிச் சோதித்தால் "எல்லாம் சரி" என்று கணினி சொல்லும். அந்தப் பதிலோடு பதிவேட்டை மூடுவதா, 23 பதிவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதா?

இதைவிட நெஞ்சை அடைக்கிற விஷயம் ஒன்று. அதே விமானி சில நாட்களுக்கு முன்னர், தரையில் ஒரு தொழில்நுட்பவியலாளர் சுற்றுடைப்பானை இழுத்துப் போட்டு எச்சரிக்கையை நிறுத்தியதைக் கண்டிருக்கிறார். அன்று எச்சரிக்கை நான்கு முறை வந்தது. பறந்துகொண்டிருக்கும்போதே சுற்றுடைப்பான் இழுக்கப்பட்டது. தானியங்கி விமானி விடுபட்டது. பிறகு விமானத்தை மீட்டெடுக்க முடியவில்லை. தரையில் ஒருவர் செய்த சாதாரண வேலை, ஆகாயத்தில் வேறொன்றாக மாறிவிட்டது.

அதனால்தான் இத்தொழிலில் அத்தனை வருடப் படிப்பும் பரீட்சைகளும். பல நாடுகளில் இதற்குத் தனி உரிமம், பீ2 என்பார்கள். உரிய உரிமம் இல்லாதவர் விமானத்தைப் பறக்க விடலாம் என்று கையொப்பமிட முடியாது. வயர் இழுக்கிற வேலையும் உண்டுதான், வாப்பா சொன்னதில் பிழையில்லை. ஆனால் எந்த வயர், எங்கே உரசுகிறது, போன மாதம் அதைத் தொட்டவர் என்ன எழுதினார் என்பதெல்லாம் அதற்குள் வரும்.

போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் வைத்து இந்த மூன்றையும் அவரிடம் சொன்னோம். மஸ்கெலியாவைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது, அவருடைய உம்மா சொல்லியிருக்கிறாராம். மற்ற இரண்டும் புதிது. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், "அப்ப மகன்ட கையெழுத்துக்குப் பிறகுதான் பறக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

படிவம் திங்கட்கிழமை தபாலில் போனது. பிள்ளைக்குப் பௌதிகவியல் பரவாயில்லை, ஆங்கிலம்தான் பின்னுக்கு. கைநூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். மஃரிபுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறோம். ஊரில் இத்துறையில் வேலை செய்யும் யாராவது இருந்தால், விடுமுறையில் வரும்போது ஒரு மணித்தியாலம் நமது மாணவர்களோடு பேச முடியுமா?