மகமையின் முன்வரலாறு: பிரான்மலையிலிருந்து விருதுபட்டி வரை

சிறுநகரக் கடைவீதி ஒன்று தன்னைத்தானே தாங்கிக்கொள்ள என்ன செய்யும்? தென்மாவட்டங்கள் இதற்குக் கண்ட வழி மகமை. சரக்கு கைமாறும்போதெல்லாம் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுக்கணக்குக்கு ஒதுக்கிவிடுவார்கள். 1923இல் விருதுநகர் எனப் பெயர் மாறிய விருதுபட்டியில், காமராஜர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலா 1880களில் இந்தப் பணத்தில்தான் எழுந்தது. அரசு மானியத்துக்குக் காத்திராமல் கடைக்காரர்களே கட்டிய பள்ளி அது. வீடுதோறும் சேர்த்த பிடியரிசியும் அதற்குத் துணை நின்றது.

மகமையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார் சமூக வரலாற்றிலிருந்தே தொடங்குகிறார்கள். அந்நூலின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. அவர் சொல்லும் வரலாறு இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிப் பனங்காட்டுப் பகுதியிலிருந்து வடக்கே வந்த நாடார் வணிகர்கள் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் காலூன்றினார்கள். வழிப்பறிக்கு அஞ்சி, மாட்டுவண்டியும் சரக்கும் பத்திரமாகத் தங்க மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டினார்கள். பேட்டையைப் பயன்படுத்தியவர்கள் செலுத்திய பங்கே மகமை. உறவின்முறை என்ற ஊர்ச் சமூக அமைப்பு அதை நிர்வகித்தது. அங்கிருந்து ஹார்ட்கிரேவின் கதை 1897 கமுதி ஆலய நுழைவுக்கும், 1899 சிவகாசிக் கலவரத்துக்கும், 1910இல் உருவான நாடார் மகாஜன சங்கத்துக்கும் நகர்கிறது.

இந்த வரிசையில்தான் சிக்கல் இருக்கிறது. நூலின் இலக்கு ஒரு சமூகத்தின் எழுச்சியை விளக்குவது. ஆகவே மகமையும் அந்த எழுச்சிக்கென்றே பிறந்த கருவியாக அதில் தோற்றம் கொள்கிறது. பேட்டையின் தேவையை ஹார்ட்கிரேவ் சரியாகவே காண்கிறார். ஆனால் அந்தத் தேவை எல்லா வணிகருக்கும் பொதுவானது என்ற இடத்தில் அவர் நின்று பார்ப்பதில்லை. மகமையைச் சமூக ஒற்றுமை உருவாக்கியது என்பதைவிட, முன்பே இருந்த ஒரு கடைவீதி வழக்கத்தை எடுத்துக்கொண்டு அந்தச் சமூகம் தன் ஒற்றுமையை வளர்த்தது என்பதே பொருந்தும். அப்படிக் கொண்டால் நாடார் வணிகரின் சாதனை குறைந்துவிடாது. பழைய வழக்கத்தைப் பள்ளிக்கூடமாக மாற்றியவர்கள் அவர்கள்.

இவ்வழக்கம் முன்பே இருந்தது என்பதற்கு ஆதாரமாகச் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கல்வெட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எழுத்தமைதி கொண்டு இது 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கருதப்படுகிறது. துல்லியமான ஆண்டைச் சொல்ல வழியில்லை. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினரும் பல ஊர்களின் வணிகரும் கூடி, தங்கள் சரக்கின்மேல் தாங்களே விதித்துக்கொண்ட கொடையை அது பதிவுசெய்கிறது. பட்டியலை மெதுவாகப் படிக்க வேண்டும். உப்பு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, வெங்காயம், கடுகு, சீரகம், இரும்பு, பருத்தி, நூல், மெழுகு, தேன் என்று நீண்டு சந்தனம், அகில், பட்டு, பன்னீர், கவரிமயிர் வரை போகிறது. சரக்குக்குச் சரக்கு பங்கு தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அரசன் விதித்த வரி இதுவல்ல. விற்கும் பொருளின் அளவைப் பொறுத்து வணிகர் கூடி ஒப்புக்கொண்ட பங்கு. பணம் சேர்ந்தது கோயிலுக்கு. இவ்வகைப் பங்களிப்பைக் கல்வெட்டாய்வாளர்கள் பட்டணப்பகுடி என்ற பெயரில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

பட்டியலின் தொடக்கம் குறிப்பிடத்தக்கது. உப்பும் வெங்காயமும் கடல்கடந்த பெருவணிகத்தின் அடையாளங்கள் அல்ல, உள்ளூர்ச் சந்தையின் அன்றாடச் சரக்குகள். ஐந்நூற்றுவரைத் தொலைதூர வணிகராக மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எளிதில் தப்பிவிடும்.

பிரான்மலைக்கும் விருதுபட்டிப் பேட்டைக்கும் நடுவே ஐந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. ஒரே தேவை இரண்டு காலங்களில் ஒரே வழக்கத்தைத் தனித்தனியே பிறப்பித்திருக்கலாம் என்று ஒருவர் மறுத்தால், அந்த மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் நடுவில் ஒரு கண்ணி கிடைக்கிறது. பழனி முருகன் கோயிலோடு தொடர்புடைய நகரத்தார் பட்டயங்களை டேவிட் ரட்னர் 1987இல் ஆராய்ந்தார். அங்கு வந்து உப்பு விற்ற நகரத்தார் வணிகர் தம் வியாபாரத்திலிருந்து முருகனுக்கு மகமை செலுத்திய செய்தி அவற்றில் வருகிறது. நிகழ்ச்சி நடந்தது 17ஆம் நூற்றாண்டில் என்பது ரட்னரின் கணிப்பு. பட்டயங்கள் எப்போது எழுதப்பட்டன என்பதைத் தனியே ஆராய வேண்டும். அந்தக் காலத்தை எவ்வளவு பின்தள்ளினாலும் ஒன்று மாறாது: மகமை என்ற வழக்கம் நாடார் அல்லாத வணிகரிடமும் இருந்தது, அதுவும் உப்பு மூட்டையின்மேல். இந்த ஒரு சான்றே ஆறு ஊர்களோடு மகமையை முடிச்சுப்போடும் வாசிப்பைத் தளர்த்தப் போதுமானது.

மாறியது பணம் சென்ற இடம். பிரான்மலையிலும் பழனியிலும் அது கோயிலுக்குப் போனது. விருதுபட்டியில் பேட்டைக்கும் பிறகு பள்ளிக்கும் போனது. இந்தத் திருப்பம் எந்தப் பத்தாண்டில் நிகழ்ந்தது என்பதைக் கல்வெட்டுகளால் சொல்ல இயலாது. கடைகளின் பழைய பேரேடுகளில்தான் அதற்கு விடை இருக்க முடியும். பழைய கட்டடங்களை இடிக்கும்போது அந்தக் கணக்கு நோட்டுகளைப் பழைய காகிதமாக எடைக்குப் போட்டுவிடாமல், அருகிலுள்ள கல்லூரி வரலாற்றுத் துறையிடமாவது வணிகர் சங்கங்களும் உறவின்முறைகளும் ஒப்படைக்க வேண்டும்.