கோஷா ஆஸ்பத்திரியும் ஃபோலிக் அமிலமும்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றொரு சாலை உண்டு. பெயரில் இருக்கும் ஏரி மட்டும் இல்லை. மாம்பலத்தின் பெரிய ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகரை எழுப்பினார்கள். ஏரி போனது, ஈரம் தங்கிவிட்டது. ஈரத்தோடு கொசுவும், கொசுவோடு யானைக்காலும் தங்கின. "மாம்பலமா? காலைக் காட்டு" என்ற கேலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்த அவலத்தின் நடுவேதான் 1953இல் எம்.சி. சுப்பிரமணியம் அதே பகுதியில் பப்ளிக் ஹெல்த் சென்டரைத் தொடங்கினார். யானைக்கால் கண்ணுக்குத் தெரியும் நோய். ஆகவே அதற்குக் கேலி இருந்தது, நகராட்சிக்கு மனு இருந்தது, மருந்து தெளிப்பவர் இருந்தார். அதே வீடுகளின் சமையலறைக்குள் இருந்த இன்னொரு நோய்க்கு இவை எதுவும் வாய்க்கவில்லை. பெண்ணின் முகம் வெளுத்துப் போவதும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், பிரசவத்துக்குப் பின் எழ முடியாமல் கிடப்பதும் நோய் என்றே கருதப்படவில்லை. பெண்ணாய்ப் பிறந்தவளின் இயல்பு என்று கருதப்பட்டன. இக்கட்டுரை அந்த வெளுப்பின் வரலாற்றில் ஒரு பகுதியைப் பற்றியது.

இது பழைய நோய்தான். கருவுற்ற பெண்ணுக்கு மண் தின்னும் வேட்கை எழுவதை நம் சங்கப் புலவர்கள் அறிந்திருந்தார்கள். புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் சேர மன்னனைப் புகழும்போது, அவன் நாட்டு மண்ணை உண்பவர்கள் கருவுற்ற மகளிர் மட்டுமே, பகைவர் அல்லர் என்னும் கருத்தைச் சொல்கிறார். புலவருக்கு அது மன்னனின் வீரத்தைச் சொல்ல வந்த நயம். இன்றைய மருத்துவம், மண்ணும் சாம்பலும் விபூதியும் தின்னத் தோன்றுவதை இரும்புச்சத்துக் குறைவோடு பெரிதும் தொடர்புபடுத்துகிறது. அந்தப் பாட்டில் வரும் பெண்கள் சோகை உற்றவர்கள் என்று நான் வாதாட வரவில்லை. அப்படி வாதாடுவது பாட்டைக் கொல்லும் வேலை. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் அந்த வேட்கையை 'மசக்கை' என்ற ஒரு சொல்லில் போட்டு மூடி வைத்திருந்தோம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திருவல்லிக்கேணியின் 'கோஷா ஆஸ்பத்திரி' கதை 1875இல் ஆரம்பிக்கிறது. அந்த ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களை மாணவிகளாக ஏற்றுக்கொண்டது. லண்டனிலேயே பெண்களுக்கு மருத்துவப் பட்டம் எட்டாக்கனியாக இருந்த காலம் அது. அந்த நால்வரில் ஒருவர் மேரி ஷார்லீப், ஒரு வழக்கறிஞரின் மனைவி. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டுவதைவிடச் செத்துப்போவதே மேல் என்றிருந்த அந்தப்புரப் பெண்களின் நிலையைக் கேள்விப்பட்டு மருத்துவம் படிக்க வந்தவர். இங்கே படித்து, லண்டன் சென்று மேற்பட்டம் பெற்று, 1883இல் திரும்பி வந்தார். 1885இல் சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை அவர் முயற்சியால் தொடங்கியது. அதன் பெயரிலேயே சாதி இருப்பது இன்று நம்மை உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும். ஆயினும், வீட்டை விட்டு வெளியே வராத ஒரு கூட்டத்தை ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுவந்தது இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்ட சமரசம்தான். சுதந்திரத்துக்குப் பின் அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை ஆயிற்று. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார். 'கோஷா ஆஸ்பத்திரி' என்றால் வண்டியைக் கிளப்பிவிடுவார்.

1920களின் இறுதியில் இந்தியாவில் பிரசவத்தில் இறக்கும் பெண்களைப் பற்றிய கவலை அரசு வட்டாரங்களிலும் எழுந்தது. இதில் முன்னின்றவர் மார்கரெட் பால்ஃபர் என்ற மருத்துவர். (1875இல் பெண்களைக் கல்லூரியில் சேர்க்கத் துணை நின்ற சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபர் வேறு, இவர் வேறு. பெயர் ஒற்றுமையால் பலர் குழம்பிப் போகிறார்கள்.) இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் தாய்மை மரண விசாரணையில் சேருமாறு அவர் லண்டனிலிருந்து அழைத்தவர்தான் லூசி வில்ஸ். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்துவிட்டு, முப்பது வயதைத் தாண்டியபின் மருத்துவரானவர். 1928இல் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்துக்கு வந்தார்.

அவர் முன்னிருந்த புதிர் இது. கருவுற்ற ஏழைப் பெண்கள் சிலருக்குக் கடுமையான சோகை வருகிறது. அவர்களது சிவப்பணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தால், இரும்புக் குறைவில் தெரிவதுபோலச் சிறுத்து வெளிறி இருக்கவில்லை. மாறாக ஊதிப் பெருத்திருக்கின்றன. மேலைநாட்டு முதியவர்களுக்கு வரும் உயிர்கொல்லிச் சோகையின் சாயல். ஆனால் அந்த நோயாளிகளின் வயிற்றில் சுரக்காத அமிலம் இப்பெண்களில் பெரும்பாலோர் வயிற்றில் சுரக்கிறது. அப்படியானால் இது வேறு நோயா? கிருமியா, உணவா? அன்றைய மருத்துவ நாகரிகம் எதையும் கிருமியின் தலையில் கட்டுவதாக இருந்தது. வில்ஸும் முதலில் கிருமியைத்தான் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு தல்பதே என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து பம்பாய்ப் பெண்களின் உணவையும் குடியிருப்பையும் கணக்கெடுத்தார். மானெக் மேத்தாவோடு சேர்ந்து ரத்த ஆய்வுகள் செய்தார். இந்த இந்தியப் பெயர்கள் 1930ஆம் ஆண்டின் ஆய்விதழ்ப் பக்கங்களில் இருக்கின்றன. வில்ஸைப் பற்றிய பிற்காலக் கட்டுரைகளில் எளிதில் காணாமற் போய்விடுகின்றன. நோய் எங்கே மிகுதி என்று பார்த்தபோது, வறிய முஸ்லிம் பெண்களின் தட்டு காட்டிக்கொடுத்தது.

அந்தத் தட்டில் இருந்ததையே எலிகளுக்கு ஊட்டினார்கள். கருவுற்ற எலிகளுக்குச் சோகை வந்தது. ஈஸ்ட் கொடுத்தால் வரவில்லை. வழக்கு முடிந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். முடியவில்லை. எலிகளின் பேன்கள் பரப்பும் பார்ட்டொனெல்லா என்ற கிருமி அந்தச் சோகைக்குக் காரணமாகிக் கணக்கைக் குழப்பியிருந்தது தெரியவந்தது. எலியை விட்டுக் குரங்குக்குப் போனார்கள். குரங்குகளிடம் நோய் ஐயமின்றி வந்தது. ஈஸ்ட் சாறு கொடுத்ததும் ஐயமின்றி நீங்கியது. ஆராய்ச்சி என்பது நாலடி முன்னேறி மூன்றடி பின்வாங்குவது என்பதற்கு எலிப்பேன் கதை நல்ல சான்று.

1929இல் சில மாதங்கள் அவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தார். அங்கே ராபர்ட் மெக்காரிசன் இந்திய உணவுகளைப் பற்றிய தமது புகழ்பெற்ற ஆய்வுகளை நடத்திக்கொண்டிருந்தார். 1931 தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, மேரி ஷார்லீப் ஏற்படுத்திய அந்தத் திருவல்லிக்கேணி மருத்துவமனையில் பணியாற்றினார். அதே ஆண்டு மே மாதத்தில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே, மாம்பலத்தைத் தொட்டுக்கொண்டு, மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த மாதம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வில்ஸின் கட்டுரை வெளியாயிற்று: கர்ப்பகாலச் சோகையை ஈஸ்ட் சாறு குணப்படுத்துகிறது என்ற அறிவிப்பு. அவர் பயன்படுத்திய சாறு ஒன்றும் மர்ம மருந்தன்று. பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்து, இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்னும் மார்மைட். மலிவு, எங்கும் கிடைப்பது. சென்னைக்கும் பம்பாய்க்கும் ஏற்ற மருந்து விலையில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்து ஆய்வாளர் ஒருவருக்கு இருந்தது என்பதை நான் அந்தக் கண்டுபிடிப்புக்கு நிகராகவே மதிக்கிறேன்.

ஈஸ்ட்டில் குணப்படுத்துவது எது? அது தெரியாததால் 'வில்ஸ் காரணி' என்று பெயரிட்டார்கள். 1937 இறுதியில் மீண்டும் பம்பாய் வந்த அவர், பார்பரா எவான்ஸோடு இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். உயிர்கொல்லிச் சோகைக்குக் கேட்கும் சுத்திகரித்த ஈரல் சாறு இந்தப் பெண்களுக்குக் கேட்கவில்லை. சுத்திகரிக்காத ஈரல் கேட்டது. அதாவது சுத்திகரிப்பில் எதுவோ வெளியேறிவிடுகிறது, அந்த எதுவோதான் இவர்களுக்கு வேண்டியது. பிற்காலத்தில் பி12 என்று அறியப்பட்டதும் ஃபோலிக் அமிலமும் வேறுவேறு என்ற உண்மையின் முதல் கோடு இங்கே விழுந்தது. 1941இல் அமெரிக்காவில் பசலைக் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது லெடர்லே ஆய்வுக்கூடத்தில் எல்லப்பிரகடா சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு.

சுப்பாராவின் பெயர் வரும்போது கதை மறுபடியும் திருவல்லிக்கேணிக்குத் திரும்புகிறது. பீமவரத்தில் பிறந்தவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். காந்தியின் அறைகூவலை ஏற்றுக் கதர் அணிந்ததால் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரின் அதிருப்தியைச் சம்பாதித்து, முழுப் பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். அவர் சகோதரர்கள் இருவர் ஒருவர்பின் ஒருவராக மாண்டது ஸ்ப்ரூ என்னும் குடல் நோயால். உண்ட சத்து உடலில் ஒட்டாமல் போகும் அந்த நோயின் சோகைக்கும் ஃபோலிக் அமிலமே மருந்தாயிற்று. 1923இல் பாஸ்டன் போனவர் திரும்பி வரவேயில்லை, 1948இல் காலமானார். லூசி வில்ஸ் திருவல்லிக்கேணியில் பணிசெய்தபோது அந்த மண்ணில் படித்த மாணவர் ஹார்வர்டில் இருந்தார். நோய் இங்கே, கேள்வி இங்கே, விடையின் ரசாயனம் நியூயார்க்குக்கு அருகே. இதில் பெருமைப்பட எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வெட்கப்படவும் இருக்கிறது.

இதே காலத்தில் கோஷா ஆஸ்பத்திரி வேறொரு விவாதத்திலும் இடம்பெற்றது. 1928இல் அமைந்த சம்மத வயதுக் குழுவின் உறுப்பினர்களில் அதன் தலைமை மருத்துவர் பீடனும் ஒருவர். ஆற்காடு ராமசாமி முதலியார் இன்னொருவர். பூப்பெய்திய உடனே மணவாழ்வில் தள்ளப்படும் சிறுமியின் உடல் பிரசவத்தைத் தாங்காது என்று மருத்துவர்கள் அக்குழுவின் முன் சாட்சியம் சொன்னார்கள். சென்னை சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டியும் இதையே வாதிட்டு வந்தார். 1929இல் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்காக்கியது. இன்று அந்த வயது நம்மைத் திடுக்கிட வைக்கிறது. அன்று அதற்கே எத்தனை கண்டனக் கூட்டங்கள்!

வில்ஸின் ஆய்வு ஒரு தட்டிலிருந்து தொடங்கி ஒரு மாத்திரையில் வந்து முடிந்தது. மாத்திரை பெரிய வரம்தான். ஆனால் தட்டைப் பற்றிய கேள்வி அப்படியே நின்றுவிட்டது. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவள் யார், ஏன் என்ற கேள்விக்கு மருந்துக்கடையில் பதில் கிடைக்காது. 1970இல் இந்திய அரசு இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்குப் பின், 2019-21இன் தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுவரையிலான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்குச் சோகை. தமிழ்நாட்டில் 53.4. பிரசவ மரணத்தைப் பெருமளவு குறைத்துக் காட்டிய மாநிலம் நாம். 2018-20 கணக்கில் இந்திய அளவில் லட்சம் பிரசவங்களுக்கு 97 தாய்மார் இறந்தபோது இங்கே 54. சாவைத் தடுக்கக் கற்றுக்கொண்டோம், வெளுப்பைத் தடுக்கவில்லை. இந்த வெளுப்பில் பெரும்பங்கு இரும்புக் குறைவால் வருவது, வில்ஸ் ஆராய்ந்த வகை அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மாத்திரை வரும் காலமும் ஒரு சிக்கல். 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்று, ஏழு நாடுகளைச் சேர்ந்த 1,817 பெண்களிடம் நடத்தப்பட்டது, கருவுறுமுன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் சிசுவின் முதுகுத்தண்டுக் குறைபாடு திரும்ப நேரும் வாய்ப்பு 72 விழுக்காடு குறைகிறது என்று நிறுவியது. நரம்புக் குழாய் மூடிக்கொள்வது கரு உருவாகி நான்கு வாரங்களுக்குள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று மாமியாரிடம் சொல்லி, டாக்டரிடம் போய், சீட்டு எழுதி வாங்குவதற்குள் அந்தக் கதவு அடைபட்டுவிடும். பள்ளிச் சிறுமிகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை தரும் திட்டம் 2013 வாக்கில்தான் நாடு முழுவதும் வந்தது. அதுவரை, வயிற்றில் பிள்ளை இருந்தால் மட்டுமே பெண்ணின் ரத்தம் அரசின் கவனத்துக்குரியதாக இருந்தது என்று சொல்வதில் மிகையில்லை.

மறுமுனையிலும் இதே கதைதான். இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது சராசரியாக 46, 47 வயதில்; மேலைநாட்டினருக்கு 51. நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் சிலருக்கு உதிரப்போக்கு மாதக்கணக்கில் மிகும். "அந்த வயசுக்கு அப்படித்தான்" என்பார்கள். அவ்வாறு சொல்லப்பட்டு, கருப்பை நீக்கத்துக்கு மட்டும் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களை ஒவ்வொரு தெருவிலும் காணலாம். குடும்பநல ஆய்வின் சோகைக் கணக்கோ 49 வயதோடு முடிகிறது. ஐம்பதாம் பிறந்த நாளன்று அவள் அந்தக் கணக்கிலிருந்து உதிர்ந்துவிடுகிறாள்.

லூசி வில்ஸ் மணம் புரியவில்லை. ஓய்வுக்குப் பின்னும் ஃபிஜியிலும் தென்னாப்பிரிக்காவிலும் சோகையை ஆராய்ந்தார். செல்சியில் தொழிற்கட்சியின் நகர்மன்ற உறுப்பினராக இருந்தார். 1964 ஏப்ரலில் மறைந்தார். தம் பெயரால் அழைக்கப்பட்ட காரணிக்கு ரசாயனப் பெயர் வந்ததும் அவர் பெயர் மெல்ல உதிர்ந்துபோயிற்று. 2019இல் கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை, மேசைமேல் ரொட்டியோடும் தேநீரோடும், ஒருநாள் வைத்தது. அவர் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்த பம்பாய், சென்னைப் பெண்கள் அக்கட்டுரைகளில் வரிசை எண்களாக இருக்கிறார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே வயது, எத்தனையாவது பிரசவம், சிவப்பணுக்களின் எண்ணிக்கை.