சவர பிளேடின் ஆயுள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை சவரக்கத்தி மழுங்கினால் அதை யாரும் மாற்றவில்லை; தீட்டினார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் செய்யப்பட்ட மடக்குக் கத்திகள் ஒருவருக்கு ஆயுள் முழுவதும் உழைத்துவிட்டு மகன் கைக்குப் போயின. சவரத்துக்கு முன் தோல்பட்டையில் சில முறை இழுத்தால் சாய்ந்த கூர் நிமிரும். அது போதாமல் போகும்போது சாணைக்கல்லில் தேய்க்க வேண்டும். பல ஆண்டுகள் தேய்த்த கத்தியின் அலகு கண்ணுக்குத் தெரியும்படி ஒடுங்கிவிடும். அதுதான் அதன் வயதைச் சொல்லும்.

இந்த நீண்ட ஆயுளுக்கு எஃகே காரணம். டான்காஸ்டரைச் சேர்ந்த கடிகாரத் தொழிலாளி பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் கடிகார வில்லுக்கு நல்ல எஃகு தேடி, 1740களில் மூசையில் எஃகை உருக்கும் முறையைக் கண்டார். பழைய எஃகில் கடினமான பகுதியும் மென்மையான பகுதியும் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கும். உருக்கி வார்த்த எஃகு சீராக இருந்ததால் மெல்லிய கூரைத் தாங்கியது. வசதியுள்ளவர்கள் கிழமைக்கு ஒன்றாக ஏழு கத்திகள் அடங்கிய பெட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் கிழமையின் பெயர் பொறித்திருக்கும். கத்திக்கு ஓய்வு கொடுத்தால் கூர் நீடிக்கும் என்று நம்பினார்கள்.

தீட்டுவது எளிய வேலை அல்ல. கை சற்றுத் தவறினாலும் கூர் கெடும், தோல்பட்டையும் கிழியும். அதனால்தான் பலர் நாவிதரையே நம்பினார்கள். 1880இல் நியூயார்க்கின் காம்ஃபே சகோதரர்கள் காப்புரிமை பெற்ற பாதுகாப்பு ரேசர் முகத்தைக் காயத்திலிருந்து காத்ததே தவிர, தீட்டும் வேலையிலிருந்து விடுவிக்கவில்லை. அதில் இருந்ததும் தடித்த அலகுதான்.

தீட்டவே தேவையில்லாத பிளேடு என்ற எண்ணம் கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு 1895இல் தோன்றியது. பாட்டில் மூடி விற்கும் நிறுவனத்தில் அவர் விற்பனையாளர். அந்த மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர், மக்கள் ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிட்டுத் திரும்ப வாங்கும் பொருளாக ஒன்றை யோசிக்கச் சொல்லியிருந்தார். ஒரு காலை, பாஸ்டனை அடுத்த புரூக்லைனில், தோல்பட்டைக்கும் மசியாமல் மழுங்கிப்போன கத்தியோடு கண்ணாடி முன் நின்றபோது வழி பிடிபட்டதாக ஜில்லெட் பின்னாளில் எழுதினார். மெல்லிய எஃகுத் தகடு, இரு பக்கமும் கூர், வளைத்துப் பிடிக்க ஒரு கைப்பிடி. மழுங்கினால் தகடு மட்டும் போகும்.

சொன்னது எளிது; செய்ய ஆண்டுகள் பிடித்தன. அவ்வளவு மெல்லிய தகட்டைச் சூடாக்கிக் கடினப்படுத்தினால் அது நெளிந்துவிடும். விவரமறிந்தவர்கள் முடியாது என்றே கைவிரித்தார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த வில்லியம் நிக்கர்சன் 1901இல் சேர்ந்த பிறகே அதற்கான எந்திரங்கள் உருவாயின. இந்தக் கதையில் ஜில்லெட்டுக்குக் கிடைத்த புகழில் பாதியாவது நிக்கர்சனுக்குச் சேர வேண்டும். 1903இல் விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள். அடுத்த ஆண்டு ரேசர் விற்பனை 90,000ஐத் தாண்டியது. கைப்பிடியைச் சும்மா கொடுத்து பிளேடில் சம்பாதித்தார்கள் என்று பலரும் எழுதுவது அந்தத் தொடக்க ஆண்டுகளுக்குப் பொருந்தாது. ரேசரின் விலை 5 டாலர். அன்றைய தொழிலாளிக்கு அது பெரிய தொகை. 1904இல் பெற்ற காப்புரிமை 1921இல் முடிந்து போட்டி வந்த பிறகுதான் கைப்பிடி மலிந்தது. அதற்குள் முதல் உலகப் போர் வந்து, அமெரிக்க அரசு தன் படையினருக்காக 35 லட்சம் ரேசர்களையும் 3 கோடிக்கு மேற்பட்ட பிளேடுகளையும் வாங்கியிருந்தது. வீடு திரும்பிய இளைஞர்கள் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

   

எறிவதற்கென்றே செய்த பிளேடை எறிய மனம் வராதவர்கள் ஏராளம். கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் பிளேடைத் தேய்த்துக் கூர் ஏற்றுவது பல நாடுகளில் பரவிய வழக்கம். ஹென்றி கெய்ஸ்மனின் ஆட்டோஸ்ட்ராப் ரேசரில் பிளேடைக் கழற்றாமலே தோல்பட்டையில் தீட்டலாம். பிரிட்டனின் ரோல்ஸ் ரேசர் வந்த பெட்டியின் ஒரு பக்கத்தில் சாணைக்கல், மறு பக்கத்தில் தோல். எறியத் துணிந்தவர்களுக்கு எங்கே எறிவது என்ற சிக்கல். அமெரிக்க வீடுகளில் குளியலறை மருந்து அலமாரியின் பின்புறம் ஒரு சிறு பிளவு விட்டார்கள். அதில் போட்ட பிளேடு சுவருக்குள் விழும். பழைய வீடுகளை இடிக்கும்போது துருப்பிடித்த பிளேடுகள் இன்றும் குவியலாகக் கொட்டுகின்றன.

அந்தக் காலத்து பிளேடு கார்பன் எஃகு. முடியோடு சேர்ந்து தண்ணீரும் அதைக் கெடுத்தது: கூரின் ஓரத்தில் துரு ஏறினால் மூன்று நான்கு சவரங்களில் வேலை முடிந்தது. துடைத்து எண்ணெய் தடவி வைத்தவர்களுக்குக் கூடுதலாகச் சில நாள் கிடைத்தது. வாள் செய்து பெயர்பெற்ற வில்கின்சன் ஸ்வார்ட் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பூச்சு கொடுத்த எவர்சில்வர் பிளேடை விற்கத் தொடங்கியதும் ஒரு பிளேடு பத்துப் பன்னிரண்டு முறைக்கும் வந்தது. நீடித்து உழைத்தால் விற்பனை குறையும் என்று பெரிய நிறுவனங்கள் தயங்கக் காரணம் இருந்தது. வாங்குவோர் கடைகளில் அதையே கேட்டதால் 1963இல் ஜில்லெட்டும் எவர்சில்வருக்கு மாறியது.

இந்திய சலூன்களில் தீட்டும் கத்தி இன்னும் பல ஆண்டுகள் நின்றது. எய்ட்ஸ் பற்றிய அச்சமும் விழிப்புணர்வும் பரவியபோதுதான் அது விலகியது. இருபக்க பிளேடைக் காகித உறையோடு மடித்து இரண்டாக உடைத்து, ஒரு பாதியைப் பிடியில் செருகி, வேலை முடிந்ததும் எறியும் வழக்கம் வந்தது. இங்கே மழுங்கியதா என்ற கேள்வியே இல்லை. ஆள் மாறினால் பிளேடும் மாற வேண்டும். புதுப் பாதியைத் தன் கண்ணெதிரே செருகுவதை வாடிக்கையாளர் பார்க்க விரும்புவது முற்றிலும் நியாயமானது.

1998இல் வந்த மாக்3 ரேசரின் தலையில் நிறம் மங்கும் பட்டை ஒன்று இருந்தது. மங்கினால் மாற்றலாம் என்பது அதன் செய்தி. ஆனால் அந்தப் பட்டை, தண்ணீரில் வழவழப்புப் பொருள் கரைந்துபோவதைத்தான் காட்டும், கூரை அளக்காது.

கூர் எப்படிப் போகிறது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் விளக்கினார்கள். எஃகு முடியைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. ஆகவே அது மெல்லத் தேய்ந்து உருளும் என்றே எண்ணியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜான்லூகா ரொஸ்சியோலி தம் முகத்தில் பயன்படுத்திய ரேசர்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, கூரில் சிறு சில்லுகள் தெறித்திருந்தன. முடி சாய்ந்து வளையும்போது, எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடத்தில், முடியின் ஓரம் கூரைத் தொடும் புள்ளியில் சில்லு தெறிக்கிறது. சில்லு விட்ட இடம் அடுத்த சில்லுக்கு வழிவிடுகிறது. எஃகின் சீரின்மையைக் குறைத்தால் பிளேடு நீடிக்கும் என்று கண்ட அந்தக் குழு, நுண்ணமைப்பு இன்னும் சீரான எஃகை உருவாக்கும் முறையைத் தேடத் தொடங்கியது.