மடிக்கணினியில் மொபைல் இணையம்: ப்ரீபெய்டு சிம் கொண்டு இணைப்பது எப்படி?

வீட்டில் கம்பிவழி இணைய இணைப்பு இல்லாத மாணவர்கள், விடுதிகளில் தங்கியிருப்போர், பணி நிமித்தம் ஊர் ஊராகச் செல்வோர் ஆகியோருக்கு கைப்பேசியில் உள்ள ப்ரீபெய்டு சிம்மே இணையத்துக்கான ஒரே வாயிலாக இருக்கிறது. வேலைவாய்ப்பு விண்ணப்பத்தின் கடைசி நாளிலோ, காணொலி வழி நேர்காணலின் நடுவிலோ அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டால் ஏற்படும் இழப்பு சிறியதன்று. அதே சிம்மைக் கொண்டு மடிக்கணினியில் இணையம் பெறுவதற்கான வழிகள், செய்ய வேண்டிய அமைப்புகள், டேட்டா வீணாகாமல் காக்கும் முறைகள் ஆகியவற்றை இங்கே காணலாம்.

எத்தனை வழிகள் உள்ளன?

ப்ரீபெய்டு சிம்மின் டேட்டாவை மடிக்கணினிக்குக் கொண்டுவர நான்கு வழிகள் உள்ளன. முதலாவது, கைப்பேசியை வைஃபை ஹாட்ஸ்பாட்டாக மாற்றுவது. இரண்டாவது, யுஎஸ்பி கம்பி அல்லது புளூடூத் மூலம் கைப்பேசியை மடிக்கணினியுடன் இணைப்பது. மூன்றாவது, டாங்கிள் அல்லது கையடக்க வைஃபை கருவியில் சிம்மைப் பொருத்துவது. நான்காவது, சிம் வசதி உள்ளமைந்த மடிக்கணினியைப் பயன்படுத்துவது. இவற்றில் கூடுதல் செலவு இல்லாதவை முதல் இரண்டும்தான்.

புதிய சிம் வாங்கியவர்கள் கவனிக்க

புதிதாக வாங்கிய சிம்மை நேரடியாக டாங்கிளிலோ மடிக்கணினியிலோ பொருத்தக் கூடாது. முதலில் அதைக் கைப்பேசியில் பொருத்தி, நிறுவனம் தெரிவிக்கும் எண்ணை அழைத்துச் சரிபார்ப்பை முடித்து, அழைப்பும் டேட்டாவும் இயங்குவதை உறுதிசெய்த பின்னரே வேறு கருவிக்கு மாற்ற வேண்டும்.

டேட்டா சேவை முடக்கப்பட்டிருந்தால், 1925 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்தோ, அந்த எண்ணுக்கு 'ஸ்டார்ட்' என ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பியோ அதைச் செயல்படுத்தலாம். 'ஸ்டாப்' என அனுப்பினால் சேவை நிறுத்தப்படும். வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதல் இன்றி டேட்டா சேவையைத் தொடங்கக் கூடாது என்பதற்காக டிராய் எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015-இல் ஏற்படுத்திய நடைமுறை இது.

வங்கிக் கணக்கு, ஆதார் ஆகியவற்றுடன் இணைக்கப்பட்ட எண்ணின் சிம்மை டாங்கிளில் பொருத்துவதைத் தவிர்ப்பது நல்லது. ஒருமுறைக் கடவுச்சொல் குறுஞ்செய்தியாக அந்தக் கருவிக்கே சென்றுவிடும் என்பதால், அவசர நேரத்தில் அதைக் காண இயலாமல் போகலாம். மேலும், பழைய சிம்முக்குப் பதிலாக மாற்று சிம் பெற்றால், மோசடியைத் தடுக்கும் நோக்கில் முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வசதி நிறுத்திவைக்கப்படும். எனவே தேர்வு, விண்ணப்பம், பணப் பரிமாற்றம் ஆகியவற்றுக்கு முந்தைய நாளில் சிம்மை மாற்றக் கூடாது.

வைஃபை ஹாட்ஸ்பாட்

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'அமைப்புகள்' பகுதியில் 'நெட்வொர்க் மற்றும் இணையம்' என்பதைத் திறந்து, 'ஹாட்ஸ்பாட் மற்றும் டெதரிங்' பிரிவுக்குச் செல்ல வேண்டும். கைப்பேசி நிறுவனத்தைப் பொறுத்து இப்பெயர்கள் சற்று மாறலாம். ஐஃபோனில் இதே வசதி 'பெர்சனல் ஹாட்ஸ்பாட்' என்ற பெயரில் உள்ளது. மொபைல் டேட்டாவை இயக்கிய பின்னர் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, மடிக்கணினியின் வைஃபை பட்டியலில் அதன் பெயரைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லை அளித்தால் இணைப்பு கிடைக்கும்.

பட்டியலில் பெயரே தோன்றவில்லை எனில், அலைவரிசை வேறுபாடு காரணமாக இருக்கலாம். ஹாட்ஸ்பாட் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்கக்கூடியது. பழைய மடிக்கணினிகள் பலவற்றால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அறிய இயலாது. கைப்பேசியில் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தால் பெயர் தோன்றிவிடும். ஐஃபோன் 12 முதலான மாதிரிகளில் இதற்காக 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற தெரிவு உள்ளது. அடுக்குமாடிக் குடியிருப்பு போல வைஃபை நெரிசல் மிகுந்த இடங்களில் 5 கிகாஹெர்ட்ஸே சிறப்பாக இயங்கும்.

யுஎஸ்பி, புளூடூத் இணைப்பு

நீண்ட நேரப் பணிக்கு யுஎஸ்பி கம்பியே நம்பகமானது. கைப்பேசி மின்னேற்றம் பெற்றுக்கொண்டே இருக்கும். வைஃபை நெரிசலும் பாதிக்காது. கைப்பேசியை மடிக்கணினியுடன் இணைத்த பின்னர், 'யுஎஸ்பி டெதரிங்' தெரிவை இயக்க வேண்டும். அந்தத் தெரிவு மங்கலாகத் தெரிந்தால், மின்னேற்றத்துக்கு மட்டுமே உதவும் கம்பியாக அது இருக்கக்கூடும். தரவுப் பரிமாற்றத்துக்கும் உரிய கம்பியைப் பயன்படுத்த வேண்டும்.

விண்டோஸ், லினக்ஸ் கணினிகளில் ஆண்ட்ராய்டு கைப்பேசி பெரும்பாலும் உடனடியாக இயங்கும். மேக் கணினிகளில் பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் இவ்வழியில் இயங்குவதில்லை என்பதால், அவற்றுக்கு ஹாட்ஸ்பாட்டே பொருத்தமானது. ஐஃபோனை விண்டோஸ் கணினியுடன் கம்பி வழியே இணைக்க, ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ் போன்ற மென்பொருள் தேவைப்படும். புளூடூத் இணைப்பு குறைந்த மின்சாரத்தில் இயங்கினாலும் வேகம் மிகக் குறைவு. மின்னஞ்சல் போன்ற எளிய பணிகளுக்கு மட்டுமே அது போதுமானது.

டாங்கிள், கையடக்க வைஃபை

டாங்கிள் வாங்குவோரும், வீட்டில் கிடக்கும் பழைய டாங்கிளை எடுத்துப் பயன்படுத்த நினைப்போரும் முதலில் கவனிக்க வேண்டியது அதன் தலைமுறை. 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி சேவையைத் தொடங்கிய ஜியோவுக்கு 2ஜி, 3ஜி வலையமைப்பே கிடையாது. ஏர்டெல் நிறுவனமும் 3ஜி சேவையைக் கைவிட்டுவிட்டது. எனவே 3ஜி டாங்கிளில் ஜியோ சிம்மைப் பொருத்தினால் சிக்னலே கிடைக்காது. ஏர்டெல் சிம் 2ஜி வேகத்தில் மட்டுமே இயங்கும். 4ஜி வசதி உள்ள கருவியாக இருப்பது இன்றியமையாதது.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கருவியாயின், இந்திய நிறுவனங்கள் பயன்படுத்தும் 4ஜி அலைவரிசைகளை அது ஏற்குமா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் 850, 900, 1800, 2100, 2300, 2500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் 4ஜி சேவைக்குப் பயன்படுகின்றன. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் பெயரில் விற்கும் கருவிகள் பல, அந்தந்த நிறுவனத்தின் சிம்முக்கு மட்டுமே இயங்கும் வகையில் பூட்டப்பட்டிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

டாங்கிளை யுஎஸ்பி துளையில் செருகியதும், பழைய மாதிரிகள் ஒரு குறுவட்டு இயக்கியாகத் தோன்றும். அதனுள் உள்ள மென்பொருளை நிறுவிய பின்னரே அவை மோடமாக இயங்கும். அழைப்பு எண் கேட்கப்பட்டால் *99# என அளிக்க வேண்டும். புதிய மாதிரிகள் மென்பொருள் ஏதுமின்றி இயங்கும். அவற்றின் அமைப்புகளை உலாவி வழியே மாற்றலாம். கூடுதல் துளைகளுக்கான யுஎஸ்பி ஹப் வழியே இணைத்தால் போதிய மின்சாரம் கிடைக்காமல் இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படலாம் என்பதால், மடிக்கணினியின் துளையிலேயே நேரடியாகச் செருக வேண்டும்.

சிம் வசதி கொண்ட மடிக்கணினிகளில் இவை எதுவும் தேவையில்லை. விண்டோஸ் 11-இல் 'நெட்வொர்க் மற்றும் இணையம்' பகுதியில் 'செல்லுலார்' பிரிவின் வழியே இணைப்பை இயக்கலாம். அந்தப் பிரிவே தோன்றாவிடில், மடிக்கணினியில் மோடம் பொருத்தப்படவில்லை என்று பொருள்.

ஏ.பி.என். அமைப்பு

சிக்னல் இருந்தும் இணையம் கிடைக்காததற்கு மிகப் பொதுவான காரணம், ஏ.பி.என். எனப்படும் அணுகுமுனைப் பெயர் தவறாக இருப்பதே. சிம்மிலிருந்து வரும் டேட்டாவை எந்த வாயில் வழியே இணையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை இப்பெயரே தீர்மானிக்கிறது. கைப்பேசிகள் இதைத் தாமாகவே நிரப்பிக்கொள்ளும். டாங்கிள்களிலும் மடிக்கணினிகளிலும் சில வேளைகளில் நாமே நிரப்ப வேண்டியிருக்கும்.

ஜியோவுக்கு 'ஜியோநெட்', ஏர்டெலுக்கு 'ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம்', பிஎஸ்என்எல் நிறுவனத்துக்கு 'பிஎஸ்என்எல்நெட்' என்பவை வழக்கமான பெயர்கள். இவற்றை இடைவெளியின்றி ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். பயனர் பெயர், கடவுச்சொல் ஆகிய இடங்களைக் காலியாக விடலாம். மாற்றத்தைச் சேமித்த பின் கருவியை ஒருமுறை அணைத்து இயக்க வேண்டும்.

டேட்டா எவ்வளவு தேவைப்படும்?

ப்ரீபெய்டு திட்டங்கள் பலவும் நாள் ஒன்றுக்கு 1.5 ஜிபி அல்லது 2 ஜிபி என்ற வரம்புடன் வருகின்றன. வரம்பு முடிந்ததும் வேகம் பெரும்பாலும் 64 கேபிபிஎஸ் அளவுக்குக் குறைக்கப்படுகிறது. அந்த வேகத்தில் 1 எம்பி அளவுள்ள ஒரு கோப்பைத் தரவிறக்க ஏறக்குறைய 2 நிமிடங்கள் ஆகும். புகைப்படம், கையொப்பம், சான்றிதழ் ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டிய விண்ணப்பத்தை அந்நிலையில் நிறைவுசெய்வது அரிது.

ஒரு எளிய கணக்கு உதவும். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு காணொலி ஓடினால், ஒரு மணி நேரத்தில் 450 எம்பி செலவாகும். 2 மெகாபிட் எனில் 900 எம்பி. ஆகவே 1.5 ஜிபி வரம்பில், தெளிவான காணொலிக் கூட்டம் 2 மணி நேரத்தைக் கூட எட்டாது. கூட்டங்களில் தேவையற்ற நேரத்தில் கேமராவை அணைத்து வைப்பதும், வகுப்புக் காணொலிகளைக் குறைந்த தெளிவில் பார்ப்பதும் டேட்டாவைப் பெருமளவு மிச்சப்படுத்தும்.

வரம்பு தீர்ந்த பின் கூடுதல் டேட்டா வவுச்சர் வாங்கலாம். ஆனால் இத்தகைய வவுச்சர்களில் பல, அடிப்படைத் திட்டம் நடப்பில் இருந்தால் மட்டுமே செயல்படும். வரம்பற்ற 5ஜி சலுகை உள்ளவர்கள், கைப்பேசி 4ஜிக்கு மாறும் தருணத்தில் நாள் வரம்பிலிருந்தே டேட்டா கழிக்கப்படும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

கேட்காமலே கரையும் டேட்டா

மடிக்கணினி, ஹாட்ஸ்பாட்டைச் சாதாரண வைஃபை என்றே கருதுகிறது. அதனால் விண்டோஸ் புதுப்பிப்பு, மேகக் கோப்புச் சேமிப்பு, விளையாட்டுகளின் புதுப்பிப்பு ஆகியவை பின்னணியில் இயங்கி, ஒரு நாளின் டேட்டாவை முழுவதுமாக விழுங்கிவிடக்கூடும். காலையில் எழுந்து பார்க்கும்போது வரம்பு தீர்ந்திருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

விண்டோஸில், இணைக்கப்பட்ட வைஃபையின் பண்புகளுக்குச் சென்று 'மீட்டர்டு கனெக்ஷன்' என்பதை இயக்க வேண்டும். இதன்பின் பெரும்பாலான புதுப்பிப்புகள் காத்திருக்கும். ஒன்டிரைவ் சேமிப்பும் நிறுத்திவைக்கப்படும். மேக் கணினியில் 'லோ டேட்டா மோட்' என்ற தெரிவு இதே பணியைச் செய்கிறது. எந்தச் செயலி எவ்வளவு டேட்டா பயன்படுத்தியது என்பதை விண்டோஸின் 'டேட்டா யூசேஜ்' பகுதியில் காணலாம்; அங்கேயே வரம்பும் விதிக்கலாம். புதுப்பிப்புகளை ஒரேயடியாகத் தவிர்ப்பது பாதுகாப்புக்கு நல்லதல்ல. நாள் வரம்பில் மீதம் உள்ளபோது அவற்றை நிறைவுசெய்வது நலம்.

இணைப்பு துண்டிக்கப்பட்டால்

முக்கியமான கூட்டத்தின்போது அழைப்பு வந்து இணைப்பு அறுபடுவது பலரும் சந்திக்கும் சிக்கல். கைப்பேசியில் 'வோல்ட்இ' வசதி இயக்கப்பட்டிருந்தால் அழைப்பும் டேட்டாவும் ஒருசேர இயங்கும். இரு சிம் கைப்பேசிகளில், மற்றொரு சிம்மில் அழைப்பு வந்தாலும் டேட்டா தடைபடலாம். நேர்காணல் போன்ற வேளைகளில் அந்தச் சிம்மைத் தற்காலிகமாக முடக்குவது பாதுகாப்பானது.

வேகம் குறைவாக இருந்தால், முதலில் கைப்பேசியிலேயே இணையத்தைச் சோதிக்க வேண்டும். அதிலும் வேகம் இல்லையெனில், சிக்கல் மடிக்கணினியில் இல்லை. கைப்பேசியைச் சன்னல் அருகே வைப்பது, விமானப் பயன்முறையை இயக்கி அணைப்பது ஆகியவை பல நேரங்களில் பலன் தரும். வேகத்தை அளக்க டிராய் அமைப்பின் 'மைஸ்பீட்' செயலி உள்ளது. சிம் வாங்கும் முன்பே, நிறுவனங்களின் இணையதளங்களில் உள்ள சேவைப் பரப்பு வரைபடங்களில் தங்கள் பகுதியைச் சரிபார்ப்பது நல்லது.

வெளிமாநிலப் பயணமும் செல்லுபடியும்

ப்ரீபெய்டு சிம்முடன் நாட்டின் பெரும்பகுதிக்கும் பயணிக்கலாம். ஆனால் பாதுகாப்புக் காரணங்களால், பிற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்டு சிம்கள் ஜம்மு காஷ்மீரில் இயங்குவதில்லை. அங்கே போஸ்ட்பெய்டு இணைப்பு தேவை. அல்லது உள்ளூரில் புதிய சிம் பெற வேண்டும்.

மடிக்கணினிக்கென இரண்டாவது சிம் வைத்திருப்போர், 90 நாட்கள் எவ்விதப் பயன்பாடும் இல்லாவிட்டால் அந்த எண் துண்டிக்கப்படலாம் என்பதை மறக்கக் கூடாது. ஒருவர் தம் பெயரில் அதிகபட்சமாக 9 சிம்கள் வரை வைத்திருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் இவ்வரம்பு 6 ஆகும். தம் பெயரில் எத்தனை எண்கள் உள்ளன என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அறியலாம். 28 நாள் திட்டங்களால் ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய நேரிடுகிறது. 30 நாள் செல்லுபடியாகும் திட்டங்களையும் ஒவ்வொரு நிறுவனமும் வழங்க வேண்டும் என டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டதால், அவற்றையும் கேட்டுப் பெறலாம்.

பாதுகாப்பும் புகாரும்

ஹாட்ஸ்பாட்டைக் கடவுச்சொல் இன்றித் திறந்து வைக்கக் கூடாது. அதன் வழியே பிறர் செய்யும் செயல்களுக்கு, சிம் யார் பெயரில் உள்ளதோ அவரே முதலில் பதில் சொல்ல நேரிடும். பாதுகாப்பு வகையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்பதைத் தேர்ந்தெடுத்து, எண்ணும் எழுத்தும் கலந்த கடவுச்சொல்லை அமைக்க வேண்டும். பணி முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைப்பது டேட்டாவையும் மின்கலத்தையும் காக்கும்.

டேட்டா தவறாகக் கழிக்கப்பட்டாலோ, சேவை கிடைக்காவிட்டாலோ 198 என்ற எண்ணில் புகார் அளித்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். தீர்வு மனநிறைவு தராவிட்டால், அந்த எண்ணைக் கொண்டு அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியை அணுகலாம். இணைய வழிப் பண மோசடிக்கு உள்ளானவர்கள் தாமதமின்றி 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.