காசுக்கு நிலா, காசில்லாமல் சனி

தெருவில் தொலைநோக்கி வைத்து வானத்தைக் காட்டுவது முதலில் ஒரு பிழைப்பாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டு லண்டனில், வானம் தெளிந்த இரவுகளில், சிலர் குழாயை முக்காலியில் ஏற்றி, ஆளுக்கு ஒரு பென்னி வாங்கிக்கொண்டு நிலவையும் கோள்களையும் காட்டினார்கள். லெஸ்டர் சதுக்கத்தில் கூடிய அப்படியொரு கூட்டத்தை வேர்ட்ஸ்வொர்த் 1807இல் வெளியான கவிதையொன்றில் பாடியிருக்கிறார். பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏன் மகிழ்ச்சியின்றிப் போகிறார்கள் என்பதே அதில் அவருடைய கேள்வி. நூற்றாண்டின் நடுவில் லண்டன் ஏழைகளின் தொழில்களை விசாரித்து எழுதிய ஹென்றி மேஹ்யூவின் நூலிலும் ஒரு தொலைநோக்கிக்காரர் வருகிறார். அவருக்குப் பகலில் தையல் வேலை, இரவில் வான வியாபாரம். வரிசை நகர்ந்தால்தான் காசு என்ற தொழிலில் ஒருவரை நெடுநேரம் பார்க்க விட்டிருக்க வாய்ப்பு குறைவு. வேர்ட்ஸ்வொர்த்தின் கேள்விக்கு ஒரு பாதி விடை அதில் இருக்கலாம்.

தொலைநோக்கி எல்லோர் கைக்கும் வர விலைதான் பெரிய தடை. நல்ல தொலைநோக்கி வசதி படைத்தவர்களின் பொருளாகவே நெடுங்காலம் இருந்தது. அமெரிக்காவில் இது மாறத் தொடங்கியது 1920இல். வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற தொழில் ஊரில் ரஸ்ஸல் போர்ட்டர், உள்ளூர்க்காரர்கள் சிலருக்குக் குழியாடி தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கு நடுவே கார்போரண்டம் தூளும் தண்ணீரும் இட்டு ஒன்றின்மேல் ஒன்றைத் தேய்த்தால் மேல்வட்டு குழியும், கீழ்வட்டு குவியும். அதற்கு வேண்டியது பொறுமைதான். பெரிய எந்திரம் எதுவும் தேவையில்லை. 1925 முதல் ஆல்பர்ட் இங்கால்ஸ் இந்த முறையை ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழ் வழியாக நாடெங்கும் பரப்பினார். ஆனால் ஆடியை ஏந்திய இரும்புத் தாங்கிகள் கனமானவை. புவியின் சுழற்சிக்கு ஈடுகொடுக்கும்படி அச்சைச் சாய்த்து, எடைக்கு எதிர் எடை கட்டிச் செய்யப்பட்டவை. அவற்றைத் தெருமுனைக்குத் தூக்கிவர யாரும் ஆசைப்பட மாட்டார்கள்.

அந்தத் தடையை உடைத்தவர் ஒரு துறவி. 1915இல் பெய்ஜிங்கில் பிறந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் வளர்ந்த ஜான் டாப்சன், 1943இல் பெர்க்லியில் வேதியியல் பட்டம் பெற்றவர். மறு ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவின் வேதாந்த சங்க மடத்தில் சேர்ந்தார். விவேகானந்தர் 1900இல் நிறுவிய சங்கம் அது. அறிவியலையும் வேதாந்தத்தையும் இணைத்துப் பார்க்கும் பணி அவருக்குத் தரப்பட்டது. 1956இல் பழைய பொருள் கடை லென்ஸ் ஒன்றைக் கொண்டு சிறு தொலைநோக்கி செய்து சனியின் வளையங்களைக் கண்டார். அடுத்து, கப்பலின் சாளரக் கண்ணாடியைத் தேய்த்து 12 அங்குல ஆடி. அதில் தேய்பிறை நிலவைப் பார்த்ததும், இதை எல்லோரும் பார்த்தாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

1958இல் சாக்ரமெண்டோ மடத்துக்கு மாற்றப்பட்ட பிறகு வேலை ரகசியமாக நடந்தது. துறவியிடம் பணம் இல்லை. மடத்தின் ஒப்புதலும் இல்லை. தொலைநோக்கியைச் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு இரவில் அக்கம்பக்கத் தெருக்களுக்குப் போவார். நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களில் தொலைநோக்கிக்கு ‘ஜெரேனியம்’ என்ற பூச்செடிப் பெயர். 1967இல் மடத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்.

அவர் கண்ட வடிவம் இந்த வறுமையின் விளைவு என்றே சொல்ல வேண்டும். கான்கிரீட் தூண் வார்க்கும் அட்டைக் குழாய், பிளைவுட் பெட்டி, மெல்லிய மலிவுக் கண்ணாடி. தாங்கி பீரங்கிக்கு உள்ளது போல மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் திரும்பும். நுட்பம் உராயும் இடத்தில் இருக்கிறது. டெஃப்லான் துண்டுகள் ஃபார்மிக்காத் தகட்டின்மேல் வழுக்கும்போது, அசையத் தொடங்கத் தேவையான விசைக்கும் அசைந்துகொண்டிருக்கத் தேவையான விசைக்கும் அதிக வேறுபாடு இல்லை. எனவே விரலால் தள்ளினால் வெட்டி இழுக்காமல் நகரும். கையை எடுத்தால் நின்ற இடத்தில் நிற்கும். புவி சுழல்வதால் காட்சி மெல்ல விலகும். அவ்வப்போது தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். நுண்ணிய ஒளிப்படம் எடுக்க இது ஆகாது. வரிசையில் நிற்பவர்களுக்குக் காட்ட இதைவிடத் தோதானது வேறில்லை.

1968இல் சான் ஃபிரான்சிஸ்கோவில், 12 அங்குலத் தொலைநோக்கி சொந்தமாகச் செய்திருந்த ஒரு சிறுவனுக்கு, வயது போதாதென்று உள்ளூர் வானியல் சங்கத்தில் இடம் கிடைக்கவில்லை. அவனும் இன்னொரு சிறுவனும் டாப்சனும் சேர்ந்து ‘நடைபாதை வானியலாளர்கள்’ என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டார்கள். ஜாக்சன் தெருவும் பிராடரிக் தெருவும் சந்திக்கும் முனையில் தொலைநோக்கியை நிறுத்தி, போகிற வருகிறவர்களை அழைத்துக் காட்டினார்கள், கட்டணமின்றி. பிறகு 24 அங்குலத் தொலைநோக்கியைப் பழைய பள்ளிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு தேசியப் பூங்காக்களுக்கும் போனார்கள். வானம் பூங்காவைச் சேர்ந்ததல்ல என்று காவலர் ஒருவர் தடுத்தபோது, பூங்காதான் வானத்தைச் சேர்ந்தது என்று டாப்சன் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. பெருவெடிப்புக் கொள்கையை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. அவருடைய அண்டவியலை வானியலாளர்களும் ஏற்கவில்லை. அவருடைய மரப்பெட்டியோ எல்லோருக்கும் பிடித்துப்போனது.

அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. 1980இல் கோல்டர் ஆப்டிகல் நிறுவனம் அதே அமைப்பில் தொலைநோக்கிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிற நிறுவனங்களும் தொடர்ந்தன. இன்று கடைகளில் ‘டாப்சோனியன்’ என்பது ஒரு வகைப் பெயர். 2007 முதல் பன்னாட்டு நடைபாதை வானியல் இரவு கொண்டாடப்பட்டது. 2009, பன்னாட்டு வானியல் ஆண்டு. அதன் ஏப்ரல் 2 முதல் 5 வரை நடந்த 100 மணி நேர வானியல் நிகழ்ச்சியில் உலகெங்கும் தன்னார்வலர்கள் தெருக்களிலும் பள்ளி மைதானங்களிலும் தொலைநோக்கி நிறுத்தினார்கள். டாப்சன் 2014 ஜனவரியில் 98ஆம் வயதில் காலமானார். இந்தியாவில் புனேயின் ஐயுகா வானியல் மையம் நடத்தும் பயிலரங்குகளில் ஆசிரியர்களும் மாணவர்களும் தாங்களே ஆடி தேய்த்து இவ்வகைத் தொலைநோக்கியைச் செய்து, தங்கள் ஊருக்குக் கொண்டுபோகிறார்கள்.