தளபதி பிளாஸ்கோவிற்ஸின் ஆட்சேபம்

1939 செப்டெம்பர் 28ஆம் நாள் வார்சோ நகரின் சரணடைவை ஏற்றுக்கொண்டவர் யேர்மானியத் தளபதி யோகானஸ் பிளாஸ்கோவிற்ஸ். ஏழு வாரங்களின் பின்னர், தம் அரசு போலந்தில் நடத்திய கொலைகளுக்கு எதிராக அவரே எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்தார். ஹிற்லரின் தளபதிகளுள் இவ்வாறு எழுதத் துணிந்தவர் மிகச் சிலரே. ஆயினும் எழுதியபின் அவர் எவ்வழி நின்றார் என்பதும் உடன் நோக்கற்பாலது.

1883இல் கிழக்குப் பிரசியாவிற் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், இளமையிலேயே இராணுவப் பாடசாலை புகுந்தார். முதலாம் உலகப் போரிற் கிழக்கு, மேற்கு ஆகிய இரு முனைகளிலும் பணியாற்றினார். தோல்வியின் பின் வேர்சாய் உடன்படிக்கை யேர்மானியப் படையை ஓர் இலட்சம் பேராகவும், அதன் அதிகாரிகளை நாலாயிரம் பேராகவும் சுருக்கிற்று. அந்நாலாயிரவருள் இவரும் ஒருவர். அரசியலுக்கு அப்பாற்பட்டவர்கள் எனத் தம்மைக் கருதிப் பெருமை கொண்ட கூட்டம் அது. அப்பெருமை எத்துணைப் போலியானது என்பதை 1934 ஆகஸ்ட் காட்டிற்று. மக்களுக்கும் நாட்டுக்கும் உரியதாயிருந்த சத்தியப்பிரமாணம் அம்மாதத்தில் ஹிற்லர் என்ற தனிமனிதருக்கு உரியதாக மாற்றப்பட்டது. படையதிகாரிகள் அதனை ஏற்றனர்.

போலந்துப் படையெடுப்பில் எட்டாம் சேனைக்குத் தலைமைதாங்கிய பிளாஸ்கோவிற்ஸ், 1939 ஒக்டோபரில் அங்கிருந்த யேர்மானியப் படைகள் அனைத்துக்கும் தளபதியானார். படையின் பின்னே எஸ்.எஸ். பிரிவுகளும் பொலிசாரும் யூதரையும், போலந்தின் கற்றோரையும், மதகுருமாரையும் கொன்று குவித்தனர். எஸ்.எஸ். படையினரை இராணுவ நீதிமன்றங்கள் விசாரிக்கும் அதிகாரமும் அம்மாதத்திலேயே நீக்கப்பட்டது. இச்செய்திகளைத் திரட்டி அவர் 1939 நவம்பரில் ஓர் அறிக்கையும், 1940 பெப்ரவரியில் அதனினும் விரிவான குறிப்புகளும் மேலிடத்துக்கு அளித்தார்.

அவர் காட்டிய காரணங்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. பல்லாயிரவரைக் கொல்வது தவறான வழி. அதனாற் போலந்து அரசு என்னும் எண்ணமும் அழியாது, யூதரும் இல்லாதொழியார். பகைவரின் பிரசாரத்துக்கு அது வாய்ப்பாகும். யாவற்றினும் மேலாக, யேர்மானிய மக்களிடையே கொடூரமும் ஒழுக்கச் சீரழிவும் கொள்ளைநோய்போற் பரவும் என்றார். கொல்லப்பட்டோரின் உரிமையினும் கொல்வோரின் சீரழிவே இங்கு முதன்மை பெறுகின்றது. மேலதிகாரிகளை இணங்கவைக்கும் உத்தியா இது, அன்றி அவர் மனத்தின் எல்லையே இதுதானா? இரண்டும் கலந்ததெனக் கொள்வதே பொருத்தம். யேர்மானிய இராணுவமும் அச்செப்டெம்பரிற் பொதுமக்களைச் சுட்டுக்கொன்றது என்பதை ஈண்டு மறத்தலாகாது.

இரட்சணிய சேனையின் முறைகளைக்கொண்டு போர் நடத்த முடியாது என ஹிற்லர் சினந்ததாக அவருடைய இராணுவத் துணையதிகாரி ஒருவரின் குறிப்புகள் கூறும். 1940 மே மாதத்திற் பிளாஸ்கோவிற்ஸ் பதவி நீக்கப்பட்டார். யூலை 19ஆம் நாள் பன்னிருவர் பீல்ட் மார்ஷல்களாக உயர்த்தப்பட்டபோது அவர் பெயர் அவர்களுள் இல்லை.

ஆனால் அவர் படையை விட்டு விலகினாரல்லர். பிரான்சிற் புதிய பதவி கிடைத்ததும் அதனை ஏற்று ஆண்டுகள் பல பணிபுரிந்தார். 1944 யூலை 20ஆம் நாள் ஹிற்லரைக் கொல்ல எடுத்த முயற்சி தோல்வியுற்றபோது, விசுவாசம் தெரிவித்துச் செய்தி அனுப்பியவர்களுள் இவரும் ஒருவர். நான்கு ஆண்டுகளின் முன் கொலைகளைக் கண்டித்தெழுதிய அதே கை இது! கீழ்ப்படியும் அதிகாரி என்ற நிலையில் நின்றே கண்டித்தமையால், கண்டனம் ஏற்கப்படாதபோது கீழ்ப்படிதலொன்றே அவருக்கு எஞ்சியது.

1945 மே 5ஆம் நாள், பட்டினியால் நலிந்திருந்த நெதர்லாந்தில், வாகனிங்கன் நகரிற் கனேடியத் தளபதி பூல்க்ஸ் முன் சரணடைவு நிபந்தனைகளைப் பெற்றுக்கொண்டார். பின்னர் நூரம்பேர்க்கில் உயர் தளபதிகள் மீது தொடரப்பட்ட வழக்கிற் பதினான்கு எதிரிகளுள் ஒருவரானார். 1948 பெப்ரவரி 5ஆம் நாள், விசாரணை தொடங்கிய அன்றே, சிறைச்சாலையின் மேல்தளத்திலிருந்து வீழ்ந்து இறந்தார். அது தற்கொலையெனக் கொள்ளப்பட்டது. எஞ்சிய பதின்மூவருக்கும் அவ்வாண்டு ஒக்டோபரிற் தீர்ப்பு வழங்கப்பட்டது, இருவர் விடுவிக்கப்பட்டனர். பிளாஸ்கோவிற்ஸ் மீதான குற்றச்சாட்டுகள் தீர்ப்பின்றியே முடிந்தன. 1940இல் அவர் எழுதிய குறிப்புகள் நூரம்பேர்க் ஆவணங்களுள் இடம்பெற்றுள்ளன.