எட்வின் ட்ரூடின் மர்மம் (இசை நாடகம்)

சார்லஸ் டிக்கன்ஸின் முற்றுப்பெறாத கடைசி நாவலைத் தழுவி ரூபர்ட் ஹோம்ஸ் கதை, பாடல், இசை மூன்றையும் அமைத்த, பார்வையாளர் வாக்கால் முடிவு தீர்மானமாகும் இசை நாடகம். 12 மாதப் பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட நாவலில் 6 மட்டுமே எழுதிமுடித்த நிலையில் 1870 ஜூனில் டிக்கன்ஸ் காலமானார். நாடகம் 1985இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் அரங்கேறி, அதே ஆண்டு பிராட்வேக்குச் சென்று, சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதை வென்றது.

பள்ளி, கல்லூரி மேடைகளுக்கு இது பொருந்துவதற்குக் காரணம் வாக்கெடுப்பின் கவர்ச்சியைவிட அதன் அமைப்பே. விக்டோரியா காலக் கேளிக்கை அரங்கொன்றின் நடிகர்கள் இக்கதையை நடிப்பதாகவே நாடகம் நகர்கிறது. வேடத்தை விட்டு வெளிவந்து சபையோடு பேசுவது அதன் இயல்பு என்பதால், இளம் நடிகரின் தடுமாற்றம்கூட ஓரளவு அதற்குள் அடங்கிவிடும். துப்பறிபவர் யார், கொலையாளி யார், காதலர் யார் என்பவை அன்றன்று முடிவாவதால், சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரும் தம் ஒப்புதல் பாடலை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். சிறு வேடக்காரருக்கும் ஓரிரவு நாடகத்தின் மையம் கிட்டலாம்; மாணவர் குழுவில் இது அரிய நீதி. பாடகர் குழுத் தலைவர் ஜாஸ்பரே குற்றவாளி என்று டிக்கன்ஸ் கருதியதாக நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் பதிவுசெய்திருக்க, வாக்கெடுப்பு மூலத்துக்குத் துரோகம் என்பர் சிலர். ஆனால் திட்டம் வேறு, எழுதப்பட்ட நூல் வேறு. டாச்சரி என்னும் மர்ம மனிதரின் அடையாளத்தை நூல் சொல்லவேயில்லை. ஒரே முடிவை டிக்கன்ஸின் பெயரில் ஒட்டுவதைவிட, இடைவெளியை இடைவெளியாகவே மேடையேற்றுவது நேர்மையானது.